மடிக்கணினியும் ஒரு ஜோடித் தோடும்

பொறியியல் கலந்தாய்வு முடிந்து, பிள்ளைக்கு எந்த ஊரில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பது நிச்சயமாகி, கல்லூரிக்கும் விடுதிக்கும் கட்டவேண்டிய பணத்தை நாலு இடத்தில் புரட்டிக் கட்டி ஓய்ந்துபோன ஒரு குடும்பம், இனிக் கொஞ்ச நாளைக்குப் பெரிய செலவு ஏதும் வராது என்று மூச்சு விடுகிற ஆவணி மாதத்து மாலை வேளையில்தான், பையன் மெதுவாக வந்து மடிக்கணினிப் பேச்சை எடுக்கிறான். என் தங்கை வீட்டிலும் அப்படியே நடந்தது. கும்பகோணத்திலிருந்து அவள் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, காலேஜிலே சேர்ந்ததும் சேராததுமா லேப்டாப் வேணும்ங்கறான், எழுபத்தஞ்சாயிரமாம். என் தோட்டை வச்சு வாங்கிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் விலை இருந்தது, அடகு வைக்கும் பொருளும் இருந்தது; அந்த யந்திரத்தைக் கொண்டு பையன் என்ன காரியம் செய்யப்போகிறான் என்ற சங்கதி மட்டும் இல்லை. "எதுக்கு வேணுமாம்?" என்றேன். "எல்லாரும் வாங்கறாங்களாம்" என்றாள். பையனைப் பேசச் சொல்லிக் கேட்டபோது, சீனியர் ஒருவர் சொன்னார் என்றும், கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பை இந்தக் காலத்தில் யாரும் வாங்குவதில்லை என்றும் கூறி, பதினாறு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு, நூற்று நாற்பத்துநான்கு என்று மந்திர உச்சாடனம் போலச் சில எண்களை அடுக்கினான். அவன் சேர்ந்திருப்பதோ சிவில் பிரிவு, அதிலும் முதல் வருஷம். அந்த ஒரு வருஷத்தில் அவனுக்கு உண்மையாகவே அத்தியாவசியமான கணித சாதனம் சுமார் 1,500 ரூபாய் விலையுள்ள கேசியோ கால்குலேட்டர். அதற்கு அடுத்தபடியாக, எஞ்சினீயரிங் கிராபிக்ஸ் வகுப்பில் பலகையின் விளிம்பில் திருகி வைத்துக்கொண்டு கோடு இழுக்கும் மினி டிராஃப்டர். இதை நான் சொன்னபோது மறுமுனையில் உண்டான மௌனத்தைக் கொண்டு, மாமா பழைய காலத்து மனுஷர் என்று அவன் தீர்மானித்துவிட்டான் என்பதை அறிந்துகொண்டேன்.

பழைய காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் கணிப்பொறி என்பது மாணவன் விலைகொடுத்து வாங்கும் சரக்காக மாறியது மிகச் சமீபத்தில்தான். 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கான்பூர் ஐஐடியில் வந்து இறங்கிய ஐபிஎம் 1620 என்னும் யந்திரத்துக்கு, அடிப்படை நினைவகம் 20,000 இலக்கங்கள். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு புகைப்படத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அதற்குள் அடைக்க இயலாது. அதன் முதல் மாதிரியில் கூட்டலுக்கென்று தனிச் சுற்றே கிடையாது. பள்ளிப்பிள்ளை வாய்ப்பாட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல, நினைவகத்தில் எழுதி வைத்திருந்த கூட்டல் அட்டவணையைப் பார்த்துப் பார்த்தே அது கூட்டிற்று. ஆனால் வாய்ப்பாடு பார்த்துக் கூட்டிய அந்த ஒற்றை யந்திரத்தைச் சுற்றி அமர்ந்துதான் நம் தேசத்தின் முதல் தலைமுறைக் கணிப்பொறி வித்தியார்த்திகள் உருவானார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தியவர்களில் முதன்மையானவரும் ஈரோட்டில் பிறந்தவருமான பேராசிரியர் வை. இராஜாராமன், நிரல் எழுதும் கலையைப் பற்றிய தம் நூல்களை மாணவன் கைக்கு எட்டும் மலிவு விலையில் கிடைக்கச் செய்தார். பத்து ஆண்டு கழித்து, 1973-இல், சென்னை ஐஐடிக்கு மேற்கு ஜெர்மானிய உதவியாக ஐபிஎம் 370/155 வந்தது. மாணவன் தன் நிரலை 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பான். ஒரு காற்புள்ளி தவறியிருந்தாலும், தவறு இன்ன இடத்தில் என்று அச்சடித்த காகிதமே அவனுக்குக் கிடைக்கும் விடை. அட்டைக்கட்டு கை நழுவிப் படிக்கட்டில் விழுந்து சிதறினாலோ, அன்றைய தினம் அதைப் பொறுக்கி வரிசைப்படுத்துவதிலேயே கழியும்.

அந்த ஏற்பாட்டில் சிரமம் ஏராளம்; ஆயினும் செலவு முழுவதும் ஸ்தாபனத்தின் தலைமேல் இருந்தது. யந்திரத்தின் விலை, அது இருக்கும் அறையின் குளிர்ச்சி, அதைப் பராமரிப்பவரின் சம்பளம் ஆகிய எதற்காகவும் எந்தத் தாயாரின் தோடும் அடகுக்குப் போகவில்லை. பிறகு மேஜைக் கணிப்பொறிகள் வந்து கல்லூரிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைந்த காலத்தில் மாணவன் கையிலிருந்து வாங்கியது ஃபிளாப்பித் தட்டு ஒன்றுதான். யந்திரத்தின் விலை இறங்க இறங்க, அது ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதி அறைக்கும், விடுதி அறையிலிருந்து தோள்பைக்கும் இடம்பெயர்ந்தது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கல்லூரிகள் மூடப்பட்டு வகுப்பும் செய்முறையும் பரீட்சையும் வீட்டுக்குள் புகுந்தபோது, சொந்த யந்திரம் இல்லாதவன் படிப்பே இல்லாதவன் என்ற நிலைமை உண்டாயிற்று. கல்லூரிகள் மறுபடி திறந்தன. அந்த எதிர்பார்ப்பு மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

சரி, உண்மையில் என்ன வேண்டும்? இதற்கு ஒரே விடை சொல்பவர் கடைக்காரராகத்தான் இருக்க முடியும். ஏனெனில் தேவை என்பது பிரிவுக்குப் பிரிவு, வருஷத்துக்கு வருஷம் மாறுவது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் எல்லாப் பொறியியல் பிரிவினருக்கும் முதல் பருவத்திலேயே பைதான் நிரல்மொழி உண்டு. பைதான் படிக்கும் பிள்ளை எழுதுவது இருபது வரி, முப்பது வரி நிரல்கள். பகா எண் கண்டுபிடிப்பது, பட்டியலை வரிசைப்படுத்துவது போன்ற அந்தச் சிறு காரியங்களுக்குப் பத்து வருஷத்துப் பழைய யந்திரமும் தாராளம், கல்லூரி ஆய்வுக்கூடத்து யந்திரம் அதைவிடத் தாராளம். மூன்றாம் பருவத்திலிருந்துதான் பாதைகள் பிரிகின்றன. சிவில் மாணவனுக்கு ஆட்டோகேட் வரும், பிறகு ஸ்டாட், ஈடேப்ஸ், ரெவிட் வரும்; மெக்கானிக்கல் மாணவன் சாலிட்ஒர்க்ஸ், கிரியோ ஆகியவற்றில் முப்பரிமாண உருவங்களைச் சுழற்றுவான், ஆன்சிஸில் ஓர் இரும்புத் தண்டு பாரம் தாங்காமல் எங்கே வளையும் என்று கணக்கிடுவான். எலெக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கு மேட்லேப் போதாதென்று, விவாடோ போன்ற சுற்று வடிவமைப்புச் செயலிகள் சேமிப்பகத்தில் பல பத்து ஜிகாபைட்டுகளை ஒரே வாயில் விழுங்கும். கணிப்பொறிப் பிரிவினனின் வேலை பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே இருந்தாலும், ஆண்ட்ராய்டு செயலி செய்யப் புகுந்து, திரையில் ஒரு பொய்க் கைப்பேசியையும் ஓட்டிப் பார்க்க நினைத்தானாகில், 8 ஜிபி நினைவகம் மூச்சுத் திணறும்.

விஞ்ஞான மாணவர்களைப் பற்றி இந்தப் பேச்சுகளில் யாரும் சொல்வதில்லை. அது எனக்கு நெடுநாளைய மனக்குறை. பி.எஸ்ஸி. கணிதம், பௌதிகம், ரசாயனம், தாவரவியல் படிக்கும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் அரசுக் கலைக் கல்லூரிகளில், குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறையினராக, கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டே மூன்று வருஷத்தையும் கடக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்களுக்கு வேண்டிய யந்திரம் மிக எளியது. புள்ளியியலுக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆசிரியர்கள் 1990-களில் தங்கள் மாணவருக்காக உருவாக்கி உலகுக்கே இலவசமாக அளித்த 'ஆர்' மொழி. கணிதக் கட்டுரைகளை அழகுற அச்சுக்கோக்க, டொனால்டு நூத் என்னும் அமெரிக்கக் கணிப்பொறிப் பேராசிரியர் தம் புத்தகத்தின் அச்சு அவலட்சணமாக வந்திருந்ததைக் கண்டு மனம் பொறாமல் படைத்த டெக் என்னும் சாதனமும் அதன்மேல் எழுந்த லேடெக்கும். ஜீவராசிகளின் மரபணு வரிசைகளை ஒப்பிட, கணக்கு முழுவதையும் தொலைதூரத்துப் பெரிய கணிப்பொறிகளே செய்து கொடுக்கும் பிளாஸ்ட் சேவை. இவற்றில் எதற்கும் கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. ஒரு விசைப்பலகையும், கண்ணை உறுத்தாத திரையும், நிலையான இணைய இணைப்பும் வேண்டும். கைப்பேசியில் இல்லாதவை முதல் இரண்டும்தான்.

இனிக் கடைக்குள் நுழைவோம். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவானாலும், உள்ளூர்க் கடைவீதியானாலும், கண்ணாடிப் பேழைக்குமுன் நிற்கும் தகப்பனாரிடம் சொல்லப்படும் முதல் வார்த்தை, "சார், இது ஐ-ஃபைவ்" என்பது. அந்த ஒட்டுவில்லை ஒரு குடும்பப் பெயரைப் போன்றது. எந்தத் தலைமுறை என்று கேட்காதவரையில் அதற்கு அர்த்தம் பாதிதான். பத்து ஆண்டுக்கு முந்திய ஐ-ஃபைவ் செயலியைவிட இன்றைய ஐ-த்ரீ சுறுசுறுப்பானது. ரைசன் என்னும் செயலிக்கும் இதே நியாயம். மெய்யாகவே வித்தியாசம் காட்டுபவை மற்ற இரண்டு சங்கதிகள். நம் கல்யாண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று உண்டு. அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக அங்கே அடுக்கியிருக்கும். சமையற்காரர் அடுப்பங்கரையில் எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடம் வேறு. கணிப்பொறியில் உக்கிராணம் எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகம். அடுப்படி, ரேம் என்னும் நினைவகம். உக்கிராணத்தில் ஆயிரம் மூட்டை இருந்தாலும், அடுப்படி குறுகலாக இருந்தால் சமையற்காரர் ஒவ்வொரு பிடி உப்புக்கும் எழுந்து ஓடவேண்டியிருக்கும். ஆகவே மூன்றாம் வருஷ வேலையை உத்தேசித்து வாங்குபவருக்கு 16 ஜிபி நினைவகம் நியாயமான அளவு. தற்போது 8 ஜிபிதான் கட்டுப்படியாகும் என்றால், பின்னால் இன்னொரு துண்டு செருகும்படி காலி இடம் உள்ள மாதிரியாகக் கேட்டு வாங்கவேண்டும். மெல்லிய அழகான மாதிரிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், வாங்கிய அன்று எவ்வளவோ, நாலு வருஷத்துக்கும் அவ்வளவே. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய யந்திரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினால், கிழவர் எழுந்து நடப்பதைப் பார்க்கலாம். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற இந்த வைத்தியத்தைச் சொல்லாமலே புதுப் பெட்டியை விற்றுவிடுபவர்கள் அநேகர்.

கிராபிக்ஸ் கார்டு யாருக்கு வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு சண்டை மூட்டும் விஷயம். முப்பரிமாண வடிவமைப்பில் நாள்தோறும் அமரும் மெக்கானிக்கல் மாணவனுக்கும், ரெவிட்டில் கட்டிடங்களை எழுப்பிப் பார்க்கும் மாணவனுக்கும், செயற்கை அறிவுப் பிரிவில் இறுதி வருஷத் திட்டவேலை செய்பவனுக்கும் அது பிரயோஜனமுள்ளது. ஆயினும் செயற்கை அறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் சிறு கணக்குகளுக்குக் கூகுள் கொலாப் என்ற ஏற்பாட்டில், அளவோடு ஆனால் காசின்றி, தூரத்து யந்திரத்தின் கிராபிக்ஸ் கார்டை உலாவி வழியாகவே உபயோகிக்கலாம். மற்றபடி, அந்தக் கார்டு உள்ள பெட்டிகள் பெரும்பாலும் விளையாட்டுக்கென்று பிறந்தவை. இரண்டரைக் கிலோ கனமும், செங்கல் பருமனுள்ள சார்ஜரும், இரண்டு மூன்று மணி நேரத்தில் உலர்ந்துபோகும் பேட்டரியும் உடையவை. கல்லூரிப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வரும் பிள்ளையின் முதுகு இதைப்பற்றிச் சொல்லும் அபிப்பிராயம் விளம்பரத்தில் வராது. மாலையில் விளையாடுவதும் ஒரு நியாயமான சந்தோஷந்தான். அதற்காக வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டு வாங்குவதில் தோஷமில்லை. படிப்பின் பெயரால் கணக்கு எழுதுவதில்தான் எனக்கு ஆட்சேபம்.

விலைக்கு வருகிறேன். இன்றைய நிலவரத்தில், எழுதவும் படிக்கவும் பைதானுக்கும் போதுமான புதுப் பெட்டி ஏறக்குறைய 35,000 ரூபாயிலும், 16 ஜிபி நினைவகத்தோடு பொறியியல் படிப்பு முழுவதற்கும் ஈடுகொடுக்கும் பெட்டி 50,000 முதல் 65,000 ரூபாய் வரையிலும், கிராபிக்ஸ் கார்டு உள்ளது 70,000 ரூபாய்க்கு மேலும் என்று உத்தேசமாகக் கொள்ளலாம். இந்த எண்கள் நிலையானவை என்று யாரும் நம்பவேண்டாம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, செயற்கை அறிவுக்காக எழும் பிரம்மாண்டமான கணிப்பொறிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால், ரேமின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருக்கிறது. இதில் சர்க்காரின் பங்கும் உண்டு. மடிக்கணினிக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம். 59,000 ரூபாய் கொடுத்து வாங்கும் பெட்டியில் 50,000 பெட்டிக்கும் 9,000 வரிக்கும் போகிறது.

பெட்டியை வாங்கியதோடு செலவு நிற்பதுமில்லை. உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாக ஒரு வருஷம். அதுவும் தானாகப் பழுதானால் உண்டு, பேருந்தில் நசுங்கித் திரை உடைந்தால் இல்லை. விபத்துக்கும் சேர்த்த நீட்டிப்பு உத்தரவாதத்துக்குத் தனிப் பணம். மூடி திறக்கும் கீல் மூன்றாம் வருஷத்தில் முறியும். சில நூறு முறை ஏற்றி இறக்கியபின் பேட்டரி தளர்ந்து, கவனிக்காமல் விட்டால் உப்பிக்கொள்ளவும் செய்யும். சார்ஜர் வயர் அறுந்து போகும், ரெக்கார்டு நோட்டுக்குப் படம் அச்செடுக்க ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவ் அங்கிருந்து வைரஸைக் கொண்டுவந்து சேர்க்கும். நாலு வருஷத்துக்கு என்று கணக்குப் போடுகிறவர், பெட்டி விலையின் மேல் பத்தாயிரம் ரூபாயாவது இவற்றுக்கு ஒதுக்கி வைப்பது விவேகம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். வட்டியில்லாத் தவணை என்ற பலகையைப் பார்த்ததும் நம் ஜனங்களுக்கு ஓர் உற்சாகம் வந்துவிடுகிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது. ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்கு மறுக்கப்படுவதிலும், பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரிலும் அந்த வட்டி ஒளிந்துகொண்டிருக்கும். அதைவிடச் சுலபமாகக் கிடைக்கக்கூடிய ஒரு வழியைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்க அவசியமானால் நியாய விலையில் கணிப்பொறி வாங்கும் செலவையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. கல்விக்கடன் வாங்குகிறவர்கள் விண்ணப்பம் எழுதும்போதே அந்தத் தொகையையும் சேர்த்து எழுதிக் கேட்கலாம்; கடன் அனுமதியாகி முடிந்தபின், தோட்டைத் தவிர வேறு கதவு திறப்பதில்லை.

இரண்டாம் கைப் பெட்டிகளின் உலகம் தனி. கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிடியூட் போன்ற உத்தியோகக் கணினிகளைத் துடைத்து, பழுது பார்த்து, 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கிறார்கள். புதிதாக இருந்தபோது லட்சம் ரூபாயை ஒட்டி விற்றவை 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. கடினமான உழைப்புக்கென்று செய்யப்பட்ட அவற்றின் கீலும் விசைப்பலகையும், அதே விலைக்கு வரும் புதுப் பெட்டியினுடையதைவிடத் திடமானவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டபடியால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய தலைமுறை யந்திரங்களும் சந்தையில் மலிந்திருக்கின்றன. இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதைத் தவிர்க்கவேண்டும். லினக்ஸ் போட்டு ஓட்டிக்கொள்ளும் தைரியம் உள்ள பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. கடையில் வாங்கும்போது பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டச் சொல்லவேண்டும், பில் கேட்கவேண்டும், ஓர் ஆறு மாதமாவது உத்தரவாதம் எழுதி வாங்கவேண்டும். நான் ஒருமுறை பில் கேட்காமல் வாங்கி, மூன்றாம் வாரம் திரை கறுத்தபோது, அந்தக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தவரிடம் விலாசம் விசாரித்த அனுபவஸ்தன்.

பெட்டியின் விலையைப் பற்றி இத்தனை பேசுகிற நாம், அதற்குள் ஓடும் செயலிகளின் விலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. காரணம், விடுதியில் எந்த அறையைத் தட்டினாலும் திருட்டுப் பிரதி கிடைத்துவிடுகிறது. அந்தக் 'கிராக்' கோப்போடு உள்ளே வருவது இன்னதென்று யாருக்கும் தெரியாது. பரீட்சைக்கு முந்திய இரவில் திட்ட அறிக்கை முழுவதையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் துஷ்டச் செயலிகள் புகுவது இந்த வழியாகத்தான். வருத்தம் என்னவென்றால், அந்தத் திருட்டுக்கு அவசியமே இல்லை. ஆட்டோகேட் உள்ளிட்ட செயலிகளை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவருக்கு, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் உரிமத்தில், இலவசமாகவே தருகிறது. ஆன்சிஸுக்கும், கணக்கின் அளவுக்கு ஒரு வரம்பு வைத்து, இலவச மாணவர் பதிப்பு உண்டு. மேட்லேபுக்கு எழுதிய நிரல்களைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஆக்டேவ், பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த சைலேப், சுற்றுப் பலகை வரைய கைகேட், ரசாயனத் தொழிற்சாலையின் ஓட்டத்தைக் கணக்கிட டிடபிள்யூசிம் ஆகியவை யாருக்கும் இலவசமானவை. இவற்றை நம் கல்லூரிகளில் பரப்புவதற்கென்றே பம்பாய் ஐஐடியில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் பொருளுதவியோடு, ஃபாஸ்ஸி என்னும் திட்டம் நடக்கிறது. பாடநூல்களின் விடைகண்ட கணக்குகளைச் சைலேபிலும் பைதானிலும் நிரலாக எழுதிக் கொடுக்கும் மாணவருக்கு அங்கே சன்மானமும் தருகிறார்கள். அந்த நிலையத்திலிருந்தே வந்த ஸ்போக்கன் டுடோரியல் என்னும் குறும்பாடங்கள் தமிழிலும் குரல்கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கில விளக்கத்தில் தடுக்கி விழும் முதல் வருஷப் பிள்ளைக்கு அவை ஊன்றுகோல்.

அரசாங்கம் கொடுக்கும் யந்திரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை தமிழ்நாட்டைப் பற்றியதாகாது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு, எல்காட் நிறுவனத்தின் மூலம், லட்சக்கணக்கில் யந்திரங்கள் போய்ச்சேர்ந்தன. நாற்று நட்டுக்கொண்டிருந்த தாய் கரையேறி வந்து, சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்த முதல் கணிப்பொறியாக அது இருந்த வீடுகள் உண்டு. சில வருஷம் நின்றுபோன அந்த வழக்கம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்குவதென்று அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வாங்கியதை விற்றுவிட்டார்கள், சினிமா பார்த்தார்கள் என்று குறை சொல்பவர்களை நான் அறிவேன். வாங்கியதில் பிழைப்பைத் தேடிக்கொண்டவர்களையும் அறிவேன். அவர்கள் குரல் உயர்த்திப் பேசுவதில்லை. என் மருமகனின் கல்லூரி சுயநிதிக் கல்லூரி. அவனுக்கு இந்தப் பேச்சு பொருந்தவில்லை.

அவன் கல்லூரியைப் பார்க்க ஒருநாள் போயிருந்தேன். பெயர் வேண்டாம், நல்ல கட்டிடம், நிறைய மரங்கள். மாலை நாலரை மணிக்கு, கணிப்பொறி ஆய்வுக்கூடத்தின் வாசலில் செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசி மாணவனும் வெளியே வந்ததும், உதவியாளர் குளிர்சாதனத்தை நிறுத்தி, விளக்கை அணைத்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே அறுபது யந்திரங்கள். எல்லாம் 16 ஜிபி. உரிமம் பெற்ற ஈடேப்ஸ் அங்கேதான் இருக்கிறது. அவற்றின் விலை பிள்ளைகள் கட்டிய கட்டணத்திலிருந்து ஏற்கெனவே போயாயிற்று. இருந்தும், காலை ஒன்பதுக்கு மறுபடி கதவு திறக்கும்வரை பதினாறரை மணி நேரம் அவை இருட்டில் இளைப்பாறுகின்றன, அவற்றில் செய்யக்கூடிய வேலையை இரவில் செய்வதற்காக அறுபது வீடுகளில் அறுபது தகப்பன்மார் தவணை கட்டுகிறார்கள். திருட்டுப்போகும், யார் பொறுப்பு, இரவுக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று காரணங்கள் சொன்னார்கள். எல்லாம் நியாயமான காரணங்களே. ஒரு காவலாளியின் சம்பளத்தை அறுபது மடிக்கணினியின் விலையோடு நிறுத்துப் பார்த்தவர்தான் யாரும் இல்லை.

அந்தக் கல்லூரிப் பேருந்து தினந்தோறும் துவாக்குடி வழியாகப் போகிறது. அங்கே திருச்சி என்ஐடி வளாகத்துக்குள், தேசிய மீக்கணினி இயக்கத்தின் கீழ் 2022 மே மாதத்தில் நிறுவிய 'பரம் பொருள்' என்னும் மீக்கணினி இருக்கிறது. நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள் அதன் உச்ச வேகம். 1973-இல் சென்னைக்கு வந்த அந்தப் பெரிய யந்திரத்தின் வம்சம். இதுவும் ஒருவருக்குச் சொந்தமாகாமல், வரிசையில் வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் பலருக்கு உழைப்பது. பேருந்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்து, முழங்கால்மேல் மடிக்கணினிப் பையை அணைத்துக்கொண்டு போகும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் எத்தனை பேர் அது அங்கே இருப்பதை அறிவார்களோ!

முதல் வருஷம் என் தங்கை என் பேச்சைக் கேட்டாள். பையன் கேட்கவில்லை, ஆனால் காத்திருந்தான். இரண்டாம் வருஷம் ஆட்டோகேட் வந்ததும், தஞ்சாவூரில் ஒரு கடையில், எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பழைய திங்க்பேட் ஒன்றை 27,000 ரூபாய்க்கு, பில்லோடு, வாங்கினோம். நினைவகத்தை 16 ஜிபி ஆக்க இன்னும் கொஞ்சம் ஆயிற்று. தோடு கூட்டுறவு வங்கிக்குப் போகத்தான் போயிற்று, எழுபத்தையாயிரத்துக்காக இல்லாமல் முப்பதாயிரத்துக்காக. பேட்டரி ஐம்பது நிமிஷந்தான் தாங்குகிறது என்பதால், நூலகத்தில் மின்செருகி உள்ள தூணின் அருகே அவனுக்கு ஒரு நிரந்தர இடம் உண்டு. போன மாதம் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, நாங்க முப்பது பேர் கையெழுத்துப் போட்டு எச்.ஓ.டி. சார்கிட்ட குடுத்தோம். லேபைச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி வரைக்கும் திறந்து வைக்கறாங்க. ஈடேப்ஸ் அங்கேயே போட்டுக்கலாம்." ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டேன். "அது அடுத்த லெட்டர்ல" என்றான். தோடு தை மாதத்தில் மீண்டு வந்துவிட்டது என்று தங்கை பின்னாலிருந்து சொன்னாள்.